ஒரே கம்பெனியின் இரண்டு கப்பல்கள்

1

போன வாரம் என் போனுக்கு ஒரு செய்தி வந்தது. கேளிக்கைப் பூங்கா நடத்துகிற ஒரு கம்பெனி அனுப்பியது. எங்களுடைய இரண்டு பூங்காக்களுக்கும் வந்திருக்கிறீர்கள், இரண்டையும் ஒப்பிட்டுக் கருத்துச் சொல்லுங்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டிருந்தார்கள். கீழே ஒவ்வொரு பூங்காவுக்கும் ஐந்து நட்சத்திரங்கள். ஒரு பூங்கா நாங்கள் குடியிருக்கும் ஷார்ஜாவிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கிறது. இன்னொன்று மதுரையில், மேலூர் சாலையில். இரண்டுக்கும் ஒரே ஆப்பில் டிக்கெட் எடுத்ததால் எங்களைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள். இங்கே ஒரு சலவைக்கடையில் துணிகளுக்கு நம்பர் சீட்டு குத்துகிற வேலை. நீளமான ஆங்கிலம் வந்தால் மகள் தன்யாதான் படித்துச் சொல்வாள். அவளுக்கு ஏழு வயது. செய்தியைப் படித்துவிட்டு, "இந்தியா பார்க்குக்கு ஜீரோ போடும்மா" என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. காரணம் நான்தான்.

மதுரைப் பூங்காவுக்குப் போன நாளிலிருந்து என் அண்ணன் என்னோடு பேசுவதில்லை. நாற்பது நாளாகிறது. அப்பாவும் அம்மாவும் போன பிறகு, பிறந்த வீடு என்று நான் போய் இறங்க இருப்பது கோச்சடையில் அண்ணன் வீடு ஒன்றுதான். அந்தக் கதவு எனக்கு இனி எப்படித் திறக்கும் என்று தெரியாமல்தான் தினமும் சட்டைக் காலர்களில் சீட்டு குத்திக்கொண்டிருக்கிறேன். இரண்டு பூங்காக்களையும் ஒப்பிட்டு ஐந்து நட்சத்திரத்துக்குள் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

2

நாங்கள் இங்கே வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஊருக்கு வருவோம். இந்த முறை நான்கு வருடம் இழுத்துவிட்டது. என் கணவர் வேலை பார்த்த கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்கிக்கொண்டது. பழைய விசாவை ரத்து செய்து புது விசா போட வேண்டும் என்றார்கள். அவருக்குப் போட்ட பிறகுதான் எனக்கும் குழந்தைக்கும் போட முடியும். குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் என் பெயருக்குப் பின்னால் என் அப்பா பெயர் இருந்தது, பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் இருந்தது. இரண்டும் ஒரே ஆள்தானா என்று நிரூபிக்க ஒரு காகிதம், அந்தக் காகிதம் உண்மைதானா என்று நிரூபிக்க இன்னொரு காகிதம். கவுண்டரில் இருப்பவர் என் முகத்தைப் பார்க்காமல் அடுத்த நம்பரைக் கூப்பிடுவார். நான் எதிர்த்து ஒரு வார்த்தை கேட்டதில்லை. வீட்டுக்கு வந்து அழுதுவிட்டு மறுநாள் மறுபடி டோக்கன் எடுப்பேன்.

அடுத்த முறை வரும்போது குத்தலாம் என்று விட்டிருந்த தன்யாவின் காதுகுத்து இந்த இழுபறியில் தள்ளிப்போனது. எங்கள் பக்கம் குழந்தைக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடியில்தான் உட்கார வைப்பார்கள். அண்ணனுக்குப் பிள்ளைகள் இல்லை. எனக்கு இவள் ஒருத்தி. அதனால் அந்த மடியில் உட்கார இந்த உலகத்தில் வேறு ஆள் கிடையாது. ஒவ்வொரு போனிலும், "எப்பத்தா வாரீக? கோயில்ல பூசாரிகிட்டச் சொல்லி வச்சிருக்கேன்" என்பார். அடுத்த லீவுக்கு வாரோம்ணே என்பேன்.

போன ஜனவரியில் தன்யா பள்ளியில் நடனத்துக்குச் சேர்ந்தாள். மற்ற பெண்கள் எல்லாம் கம்மல் போட்டிருக்கிறார்கள், எனக்கு மட்டும் இல்லை என்று ஒரு வாரம் சாப்பிட மறுத்தாள். ஒரு வெள்ளிக்கிழமை மாலுக்குக் கூட்டிப் போனோம். கையுறை போட்ட ஒரு பெண் துப்பாக்கி போன்ற ஒன்றை வைத்து அழுத்தினாள். இரண்டு காதுக்கும் சேர்த்து ஒரு நிமிடம் ஆகவில்லை. தன்யா உயரமான ஸ்டூலில் தனியாக உட்கார்ந்திருந்தாள். நான் யோசிக்காமல் போட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகுதான் என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது.

பார்த்துவிட்டார் என்று நீலக் குறி வந்தது. நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது. "நல்லாருக்கு." அவ்வளவுதான்.

3

மார்ச்சில் இங்குள்ள பூங்காவுக்குப் போனோம். கணவர் கம்பெனியில் ஊழியர்களுக்குச் சலுகை கொடுத்திருந்தார்கள். வாசலில் பைகளை இயந்திரத்தில் விட்டுப் பார்த்தார்கள். நான் கட்டிக்கொண்டு போன புளியோதரை டப்பாவை ஒருவர் வெளியே எடுத்து மேசை மேல் வைத்தார். திட்டவில்லை. உணவு அனுமதி இல்லை என்று ஆறு மொழியில் எழுதிய அட்டையைக் காட்டினார். அதில் தமிழும் இருந்தது. டப்பாவைக் காருக்கே திருப்பிக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தோம்.

அந்தக் கம்பெனிக்கு ஒரு நீலக் கரடி அடையாளம். எங்கு பார்த்தாலும் அது கையை நீட்டிக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு ராட்டினத்தின் வாசலிலும் அந்தக் கரடியின் நீட்டிய கைதான் உயர அளவு. குழந்தையின் தலை கரடியின் கையைத் தொட்டால் ஏறலாம், தொடாவிட்டால் ஏற முடியாது.

தன்யா ஆசைப்பட்டது கப்பலில் ஏற. பெரிய ஊஞ்சல் போல முன்னும் பின்னும் ஆடும் கப்பல் அது. கடைசியில் ஒரு முனை வானத்தைப் பார்க்க, அதில் இருப்பவர்கள் அப்படியே அந்தரத்தில் நிற்பது போலத் தெரியும். தன்யா கரடிக்குக் கீழே போய் நின்றாள். அவள் தலைக்கும் கரடியின் கைக்கும் இடையே என் இரண்டு விரல் போனது.

"சாரி" என்றார் அங்கிருந்த பணியாளர்.

என் கணவர் கொஞ்சம் ஹிந்தியில் சொல்லிப் பார்த்தார். "சாரி சார்." நாங்கள் கூடவே உட்காருகிறோம் என்றார். "சாரி சார்." அவர் குரல் உயரவும் இல்லை, இறங்கவும் இல்லை. என் கணவர் என் பக்கம் திரும்பி, "வம்பு வேண்டாம், வா" என்றார். இங்கே பன்னிரண்டு வருடமாக எங்கள் வீட்டில் அதிகம் புழங்கும் வார்த்தை அதுதான்.

தன்யா வரவில்லை. அந்த வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அரை மணி நேரம் அவள் பக்கத்தில் நான் நின்றேன். வேறு வேலை இல்லாததால் அந்தக் கப்பலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வரிசைக்கும் குறுக்கே கறுப்புப் பஞ்சு சுற்றிய இரும்புக் கம்பி ஒன்று மடிமேல் இறங்கும். எல்லோர் தொடையையும் அது தொட்ட பிறகு, பணியாளர் ஒவ்வொரு வரிசையாகப் போய் அதை இரண்டு முறை இழுத்துப் பார்ப்பார். ஏறுகிற வாசல்கதவு திறந்திருக்கும் வரை மேலே சிவப்பு விளக்கு எரியும். கதவு சாத்தினால்தான் பச்சை. பச்சை வந்தால்தான் கப்பல் நகரும்.

என்ன மனிதர்கள் இவர்கள், ஒரு குழந்தை இப்படித் தரையில் கிடந்து அழுகிறது, இரண்டு விரல்தானே என்று அன்றைக்கு எனக்குக் கோபம். ஊராக இருந்தால் இப்படி நடக்குமா என்று நினைத்தேன். இதை இப்போது ஒளிக்காமல் எழுத வேண்டும்.

4

ஆடி மாதம் ஊருக்கு வந்தோம். கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் தன்யாவும் மட்டும். விமான நிலையத்தில் அண்ணன் நின்றிருந்தார். தன்யாவைத் தூக்கப் போனார். அவள் ஒரு அடி பின்னால் நகர்ந்து, "ஹாய் அங்கிள்" என்றாள். மாமா என்று சொல்லு என்றேன். "மாமா அங்கிள்" என்றாள். அண்ணன் சிரித்துவிட்டுப் பெட்டிகளைத் தூக்கப் போய்விட்டார். காதில் இருந்த கம்மலை அவர் பார்த்ததை நான் பார்த்தேன்.

அண்ணனுக்கு மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை. பத்து நாள் அவர் விடியுமுன் போய் மதியம் வருவார். தன்யா டேப்லெட்டில் ஏதாவது ஆங்கிலத்தில் பார்த்துக்கொண்டிருப்பாள். அவர் எதிரே உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் இருக்காது. ஒருநாள் டேப்லெட்டில் நீலக் கரடி வந்தது. "இது மேலூர் ரோட்டுல நிக்கிற கரடில்ல?" என்றார் அண்ணன். தன்யா நிமிர்ந்து பார்த்தாள். கப்பல் இருக்கா என்று கேட்டாள். "இருக்கு. நாளைக்கே போவோம்" என்றார். வந்த பத்து நாளில் அவர் முகம் அப்படி ஆனது அன்றுதான்.

முகூர்த்தம் இல்லாத மாதம் என்பதால் கடையை ஆளிடம் விட்டுவிட்டு வந்தார். மதினியும் வந்தார். காரில் ஏறியதிலிருந்து மதினி அவரை விடவில்லை.

"கல்யாணமாகி இருவது வருசம். பொருட்காட்சிக்குக் கூடக் கூட்டிட்டுப் போனதில்ல. மருமக வந்தாத்தான் கப்பலு, கரடி எல்லாம்."

"நீ ஏறுனா கப்பலு ஆடாதுடி."

"ஆமா, இவரு அப்படியே மல்லிப்பூ கணக்கா எடையில்லாம இருக்காரு."

தன்யாவுக்குப் பாதி புரிந்தது. பாதி புரிந்ததற்கே விழுந்து விழுந்து சிரித்தாள்.

நான்கு வழிச் சாலையிலிருந்து இறங்கியதும் பருத்திக் காட்டுக்கு நடுவே அதே கரடி தெரிந்தது. இங்கே அதற்கு வேட்டி கட்டிவிட்டிருந்தார்கள். அதே பாட்டு, அதே நீல பெயின்ட், அதே அம்புக்குறிகள். பைகளைச் சோதிக்கும் இடத்தில் காக்கிச் சட்டை போட்ட பெண் மதினியின் தூக்குவாளியைத் திறந்து பார்த்தார்.

"சாப்பாடு உள்ள விடக் கூடாதுக்கா."

"லெமன் சாதந்தான் ஆத்தா. புள்ளைக்கு வெளிச் சாப்பாடு ஒத்துக்காது."

அந்தப் பெண் அக்கம்பக்கம் பார்த்தார். "அந்தத் துணிப்பைக்கு அடியில வையுங்க. அந்தப் பைய நான் பாக்கல."

எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? ஊர் என்றால் இதுதான் என்று நினைத்தேன். மனுசருக்கு மனுசர் முகம் பார்க்கிற ஊர். உள்ளே வேப்பமர நிழலில் உட்கார்ந்து அந்தச் சோற்றை நானும்தான் சாப்பிட்டேன்.

5

கப்பலுக்கு நீண்ட வரிசை. ஆடிக் காற்று மண்ணை வாரி அடித்துக்கொண்டிருந்தது. மதினி வெயில் தாங்காமல் நிழலில் இருந்துவிட்டார். நான், அண்ணன், தன்யா மூன்று பேரும் நின்றோம். தன்யா வரிசையில் நிற்கும்போதே முதுகை நிமிர்த்திக்கொண்டிருந்தாள். நான்கு மாதத்தில் வளர்ந்திருப்போம் என்று அவளுக்கு நம்பிக்கை.

கரடிக்குக் கீழே போய் நின்றாள். ஒரு விரல் இடைவெளி இருந்தது.

கப்பலை இயக்குகிறவருக்கு முப்பது வயதிருக்கும். அவர் தன்யாவின் தலையைப் பார்த்தார், பிறகு அண்ணனைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"அண்ணே! நீங்களா?"

"அட மாப்ள, நீ இங்கயா இருக்க? அப்பா சௌக்கியமா? நேத்துக்கூட உங்க தோட்டத்து மல்லி வந்துச்சு."

அவர் அப்பா பயிரிடும் மல்லி முழுவதும் அண்ணன் கடைக்குத்தான் வருகிறது என்று எனக்குப் புரிந்தது. அவர் குனிந்து தன்யாவின் உயரத்தை மறுபடி பார்த்தார்.

"அண்ணே, பாப்பாவுக்கு ஒரு விரக்கடை பத்தலையேண்ணே."

"பத்தாட்டி என்ன? நான் மடியில வச்சுக்கிறேன்."

"மடியில வைக்கக் கூடாதுண்ணே."

"யாரு மடிடா? தாய்மாமன் மடி." அண்ணன் வரிசையைப் பார்த்துத் திரும்பிச் சொன்னார். குரலில் சிரிப்பு இருந்தது. ஆனால் கண்ணில் இல்லை. "காது குத்துறதுக்கு மிசினு வந்துருச்சு. இதுக்காச்சும் நம்ம மடி ஆகட்டும்."

அது எனக்குச் சொன்னது. ஏழு மாதம் அவர் சொல்லாமல் வைத்திருந்தது.

பின்னால் நின்றவர்கள் உற்சாகமாகிவிட்டார்கள். "விடுங்கண்ணே, மாமன் பிடிச்சுக்குவாரு." "தாய்மாமன் மடிய விடப் பத்திரமான எடம் ஏது?" ஒரு பெரியவர், "சட்டுபுட்டுனு ஏத்துங்கப்பா, வெயிலு மண்டையப் பொளக்குது" என்றார். கப்பல்காரர் தன் அதிகாரி யாரும் வருகிறார்களா என்று பார்த்தார். யாரும் இல்லை.

"கெட்டியாப் பிடிச்சுக்குவீங்கள்லண்ணே?"

"உசுரு போனாலும் விடமாட்டேன் மாப்ள."

தன்யா அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு, "கமான் மாமா!" என்று கத்திக்கொண்டு ஓடினாள். அங்கிள் என்று சொல்லவில்லை. அண்ணன் திரும்பி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்காக நான் எதையும் விட்டுக்கொடுத்திருப்பேன். செருப்பு, பை, அவர் மூக்குக் கண்ணாடி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு வாசலுக்கு வெளியே நின்றேன்.

கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். மடியில் தன்யா. கம்பி இறங்கியது. அது தன்யாவின் முழங்காலில் வந்து நின்றுவிட்டது. அதற்கு மேல் போகவில்லை. அண்ணனின் தொடைக்கு ஒரு சாண் மேலே நின்றது. கம்பிக்கும் தன்யாவின் வயிற்றுக்கும் நடுவில் எங்கள் கடையின் துணிமூட்டை ஒன்றைத் திணிக்கலாம். கப்பல்காரர் வந்து இழுத்துப் பார்த்தார். 'டக்' என்று சத்தம் கேட்டது. சரி என்று தலையாட்டிவிட்டு முன் வரிசைக்குப் போனார். அண்ணன் இரண்டு கையையும் தன்யாவின் இடுப்பைச் சுற்றிக் கோத்துக்கொண்டார். கம்பியைப் பிடிக்க அவரிடம் வேறு கை இல்லை.

ஏதாவது சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது? ஏற்கெனவே ஒரு முறை அவர் மடியை வெறுமையாக விட்டவள் நான். இத்தனை பேருக்கு முன்னால் இரண்டாவது முறையும் பறிப்பதா? இவ்வளவு பேர் சொல்கிறார்களே, தினமும் இதே வேலை செய்கிறவரே சரி என்கிறாரே, நான் யார்? மணி அடித்தது. கப்பல்காரர் கதவைச் சாத்துவதற்காக என்னை நோக்கி வந்தார்.

மேலே சிவப்பு விளக்கைப் பார்த்தேன். கதவு சாத்திவிட்டால் பிறகு நான் என்ன கத்தினாலும் ஒன்றும் ஆகாது.

கதவுக்கு நடுவே போய் நின்றுகொண்டேன்.

"அக்கா, தள்ளுங்கக்கா."

நான் பேச வாயைத் திறந்தேன். வந்த வார்த்தை, "கலாஸ்! கலாஸ்!" கடையில் வேலை முடிந்தால், இனி வேண்டாம் என்றால், நாள் முழுக்க நாங்கள் சொல்லும் அரபிச் சொல். நாற்பது வருடம் பேசிய தமிழ் அந்த நேரத்துக்கு வரவில்லை.

"என்னம்மா சொல்லுது இது?" என்று யாரோ சிரித்தார்கள்.

"எறக்கிவிடுங்க" என்றேன். எனக்கே கேட்கவில்லை. மறுபடி கத்தினேன். "புள்ளைய எறக்கிவிடுங்க!"

கப்பலில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள். "ஏம்மா, ஏறுனா ஏறு, இல்லாட்டி கதவ விடு." "கப்பலு துபாய்க்கா போகுது, இப்படி மறிக்கிற?" பெரிய சிரிப்பு. கையிலிருந்த செருப்பு ஒன்று விழுந்தது. நான் குனிந்து எடுக்கவில்லை. எடுத்தால் கதவைச் சாத்திவிடுவார்கள் என்று பயம்.

அண்ணன் சிரித்துக்கொண்டேதான் முதலில் சொன்னார். "விடு புள்ள, ஒண்ணும் ஆகாது. ஊரே பாக்குது."

"எறங்குண்ணே."

"நான் பிடிச்சிருக்கேன்ல?"

"எறங்குண்ணே, உன்னையக் கையெடுத்துக் கும்புடுறேன்."

சிரிப்பு போய்விட்டது. "எம் மேல அம்புட்டு நம்பிக்கை இல்லையா உனக்கு?"

"கம்பி உன் மடியத் தொடலண்ணே. அவ மடியையும் தொடல. யாரு மடியையும் தொடல" என்றேன். அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். அழுதுகொண்டு சொன்னேன்.

கப்பல்காரர் போய்க் கம்பியைத் தூக்கிவிட்டார். அவர் முகத்தில் எனக்குத் தெரிந்தது கோபம் இல்லை. அண்ணன் தன்யாவை இறக்கிவிட்டார். படியில் இறங்கி வந்து என் கையிலிருந்த கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டார். கீழே கிடந்த செருப்பைத் தானே எடுத்துக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை.

6

கப்பல் அவர்கள் இல்லாமல் ஆடியது. ஒன்றும் நடக்கவில்லை. எல்லோரும் கூச்சல் போட்டார்கள், சிரித்தார்கள், இறங்கினார்கள். ஒரு பெண் என் பக்கத்தில் வந்து, "சும்மா பயந்துட்டீங்கக்கா, ஒண்ணுமே இல்ல" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். அண்ணன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அந்தக் காலி இருக்கை மேலே போவதையும் கீழே வருவதையும் முழுவதும் பார்த்தார்.

திரும்பும்போது காரில் தன்யா ஜன்னல் பக்கம் முகத்தை வைத்து அழுதுகொண்டிருந்தாள். மாட்டுத்தாவணி சிக்னலில் கார் நின்றபோது அண்ணன் கார்க் கண்ணாடி வழியே என்னைப் பார்த்துக் கேட்டார்.

"அங்கன ஏத்துனாகளா இவள?"

"இல்லண்ணே. அங்கயும் விடல."

"அப்ப நீ என்ன சொன்ன?"

"நான் ஒண்ணும் சொல்லலண்ணே. அவகளே கூடாதுன்னுட்டாக."

அவர் தலையை மட்டும் ஆட்டினார். அதன் பிறகு ஒரு வாரம் அந்த வீட்டில் இருந்தேன். நான் எழுவதற்கு முன் மார்க்கெட்டுக்குப் போய்விடுவார். நான் சாப்பிட்டு எழுந்த பிறகு சாப்பிட வருவார். புறப்படும் நாளில் விமான நிலையம் வரை வந்தார். பெட்டிகளை ஏற்றினார், இரண்டு பாஸ்போர்ட்டும் இருக்கிறதா என்று மதினியை விட்டுக் கேட்கச் சொன்னார். "கோவமா இருக்காகளா மதினி?" என்றேன். "கோவமா இருந்தா கத்திருப்பாரே. கூசிப் போயிருக்காரு. எங்கிட்டயும்தான் பேச மாட்டேங்குறாரு" என்றார் மதினி.

அவர் கேட்ட கேள்வியை நாற்பது நாளாக யோசிக்கிறேன். உண்மையில் இந்த நாட்டில் பன்னிரண்டு வருடமாக நான் எதற்கும் வாய் திறந்ததில்லை. எனக்காகப் பலகை பேசிவிடும். கூடாது என்று சொல்ல அந்தப் பணியாளருக்கு என் முகம் தெரிய வேண்டியதில்லை, எனக்கும் அவர் அப்பாவைத் தெரியாது. அது எவ்வளவு வசதி என்று அன்றைக்கு வரை எனக்குத் தெரியாது. கூச்சப்படுகிறவர்களுக்கு அது ஒரு சுவர் மாதிரி. அதன் மீது சாய்ந்துகொண்டு, இரக்கமில்லாத சுவர் என்று திட்டவும் செய்யலாம்.

மதுரையில் அதே கரடி, அதே கை. ஆனால் கரடியை யாரும் பார்க்கவில்லை, அண்ணனைத்தான் பார்த்தார்கள். அங்கே கூடாது என்றால் ஒரு மனிதர் இன்னொரு மனிதரிடம் நேருக்கு நேர் சொல்ல வேண்டும். சொன்னவருக்கும் கேட்டவருக்கும் அது மறக்காது. லெமன் சாதத்தை உள்ளே விட்ட அதே முகதாட்சண்யம்தான் தன்யாவையும் ஏற்றியது. ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு மற்றதை மறித்தவள் நான்.

சரியாகத்தான் செய்தேனா என்றும் எனக்குத் தெரியாது. கப்பல் ஓடியது, ஒருவரும் விழவில்லை. நான் பயந்தது நடந்திருக்கும் என்று யாரிடமும் என்னால் நிரூபிக்க முடியாது. நடக்காமலே போயிருந்தால் தன்யாவுக்கு வாழ்நாளெல்லாம் ஒரு மாமன் மடி நினைவிருந்திருக்கும். அண்ணனுக்கும்தான்.

7

இதை எழுதத் தொடங்கி ஐந்து நாளாகிறது. ஆறாவது பகுதியோடு நிறுத்திவிடலாம் என்றுதான் இருந்தேன். இன்று காலை ஏழு மணிக்கு, தன்யாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அண்ணன் பெயர். கை எண்ணெயாக இருந்தது. துடைக்காமலே எடுத்தேன்.

பின்னால் மார்க்கெட் சத்தம். யாரோ மூட்டை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

"சாப்ட்டியா?" என்றார்.

"இல்லண்ணே, இனிமேத்தான். நீ?"

"ஆச்சு."

வைத்துவிடுவாரோ என்று பயந்து, மதினி எப்படி இருக்காக என்று கேட்க வாயெடுத்தேன்.

"நேத்து அந்தக் கப்பலுக்குப் போயிருந்தேன்" என்றார்.

"யாரு கூடண்ணே?"

"யாரு கூட? நான் மட்டுந்தான். உங்க மதினிக்குத் தெரியாது, நீ சொல்லிக்கிட்டு இருக்காத. அன்னைக்கு உக்காந்த அதே எடத்துல உக்காந்தேன். பக்கத்துல ஆளு இல்ல. கம்பி எறங்குச்சு, எந் தொடையில நல்லா அழுத்தித்தான் நின்னுச்சு. கையால மட்டும் கம்பியப் பிடிக்காம, புள்ள இருக்குற மாதிரி வயித்துக்கு முன்னாடி கோத்து வச்சுக்கிட்டேன். என்ன ஆனாலும் கைய எடுக்குறதில்லைன்னு."

"ம்."

"மொத ஆட்டம் ஒண்ணும் இல்ல. ரெண்டாவதும் ஒண்ணும் இல்ல. அப்புறம் உச்சிக்குப் போயி ஒரு நிமிசம் நிக்கும்ல, அங்கிருந்து கீழ எறங்குச்சு பாரு." நிறுத்தினார். "கண்ணத் தொறந்து பாத்தா ரெண்டு கையும் கம்பியில இருக்கு. நான் எடுக்கலத்தா. அதுவாப் போயிருக்கு."

தன்யா பாதி பின்னிய தலையோடு திரும்பி என்னைப் பார்த்தாள்.

"கேக்குதா?" என்றார்.

"கேக்குதுண்ணே."

"மறுபடி ஏறுனேன். மூணு தடவ ஏறுனேன். மூணு தடவையும் கை போயிருச்சு."

மூட்டை எண்ணுகிற குரல் நின்று, யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். வாரேன் இருய்யா என்று அதட்டினார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "புள்ள பள்ளிக்கொடத்துக்குக் கெளம்பிட்டாளா? இருந்தா போன அவகிட்டக் குடு" என்றார்.